எம்340ஐ விற்கப் போகிறீர்களா? விளம்பரம் போடும் முன் இதைப் படியுங்கள்

ஸ்விஃப்ட்டையோ சிட்டியையோ விற்கிற மாதிரி பிஎம்டபிள்யூ எம்340ஐயை விற்க முடியாது. வாங்க வருபவரே வேறு ஆள். 3 லிட்டர், ஆறு சிலிண்டர் பி58 இன்ஜின், 2021 மாடலில் 387 குதிரைத்திறன், 4.4 நொடியில் 100 கிலோமீட்டர் வேகம், இதெல்லாம் அவருக்கு மனப்பாடம், உங்கள் விளம்பரத்தில் இதை எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். வண்டியை நீங்கள் எப்படி ஓட்டினீர்கள், எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதைத் தாளில் காட்டத் தயாராக இருந்தால் நீங்கள் கேட்கிற விலை நிற்கும்.

அதனால் முதல் வேலை ஃபைல். வாங்கிய நாளிலிருந்து எல்லா சர்வீஸ் பில்லும், ஆயில் மாற்றியது, பிரேக் ஃப்ளூயிட் மாற்றியது, இன்ஷூரன்ஸ் கிளைம் எடுத்திருந்தால் அதன் விவரம், எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தால் அது அடுத்த ஓனருக்கு மாறுமா என்பதை சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கியது, எல்லாம் தேதி வரிசையில் இருக்கட்டும். கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே நடுவில் ஒருமுறை ஆயில் மாற்றிய பில் இருந்தால் அதை மேலே வையுங்கள், விஷயம் தெரிந்தவர் கண் அங்கேதான் போகும். டயரையும் கவனியுங்கள். பிஎம்டபிள்யூவுக்கென்று வருகிற டயரில் சின்ன நட்சத்திரக் குறி இருக்கும், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் எந்த வாரம், எந்த வருடம் தயாரானது என்று சொல்லும். இது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, அதில் ஆளுக்கொரு பிராண்டாக டயர் மாட்டியிருந்தால் வருபவர் டயருக்கு மட்டும் பேரம் பேச மாட்டார், முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்தே சந்தேகப்படுவார்.

சென்னை வண்டி என்றால் இன்னொரு கேள்வி நிச்சயம் வரும்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வந்தபோது வண்டி எங்கே நின்றது? கோபப்படாதீர்கள், நியாயமான கேள்வி. சேற்றுக் கறை இருக்கிறதா என்று சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கட்டும், ஃப்ளோர் மேட்டுக்கு அடியில், டிக்கியில் ஸ்பேர் சாமான் இருக்கும் குழியில் கைவிட்டுப் பார்க்கட்டும். அந்த மாதங்களின் சர்வீஸ் பில்லை நீங்களாகவே எடுத்துக் காட்டினால் பேச்சு அத்தோடு முடியும்.

ட்யூன் செய்த வண்டியா? பி58க்கு ஸ்டேஜ் 1 ரீமேப் போடுவது, அதாவது மென்பொருளை மாற்றி இன்ஜின் சக்தியைக் கூட்டுவது, சகஜம்தான், விற்கும் முன் ஒரிஜினல் மென்பொருளுக்கு மாற்றிவிட்டு வாய் திறக்காமல் இருப்பதும் சகஜம். இதை மட்டும் செய்யாதீர்கள். டயக்னாஸ்டிக்ஸில் தடயம் தெரிய வாய்ப்பு உண்டு, நாளைக்கு வாரண்டி கிளைம் நிராகரிக்கப்பட்டால் அந்த மனிதர் தேடி வருவது உங்களைத்தான். யார் ட்யூன் செய்தார், எப்போது செய்தார், கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் எங்கே என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். சிலர் விலகிப் போவார்கள், போகட்டும். தேடி வாங்குகிறவர் அதற்காகவே வருவார்.

விலைக்கு வருவோம். பாலிசியில் வண்டி மதிப்பாகப் போட்டிருக்கும் ஐடிவி என்பது இன்ஷூரன்ஸ் கணக்கு, சந்தை விலை இல்லை. 2021இல் எக்ஸ் ஷோரூம் 62.90 லட்சத்துக்கு வந்த வண்டி என்பதையும் கணக்கின் தொடக்கமாக வைக்க வேண்டாம், இன்றைய புது வண்டி என்ன விலை என்று பாருங்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோது இந்த வகை செடானுக்கு செஸ்ஸோடு 48 சதவீதமாக இருந்த வரி 40 ஆனது, புது வண்டி இறங்கினால் பழையதும் இறங்கத்தான் செய்யும். உங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். உங்கள் டிஎன் வண்டிக்கு ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. உள்ளூர் ஆள் அந்த லாபத்தோடு வாங்குகிறார், பெங்களூருக்கோ கொச்சிக்கோ கொண்டுபோகிறவர் அங்கே மறுபடி வரி கட்ட வேண்டும், அதனால் குறைத்துத்தான் கேட்பார். முதலில் உள்ளூரில் தேடுங்கள். பிஎம்டபிள்யூ ஓனர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுகிற ஒரு செய்தி, பொதுத் தளத்தில் வருகிற நூறு 'லாஸ்ட் பிரைஸ் என்ன' அழைப்பை விட உருப்படியானது.

டெஸ்ட் டிரைவ் கேட்டால் லைசென்ஸைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, முதலில் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள். அப்புறம் அவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கிற கதையே வேண்டாம். அவர் வருவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள், குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகிற சத்தத்தை அவர் கேட்கட்டும். இன்ஜின் சூடாகும் முன்பே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவர் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பணம் வங்கி வழியாக மட்டும். ஒரு பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம். முழுப் பணமும் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கி ஆப்பில் நீங்களே பாருங்கள், அவர் காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். வண்டி கம்பெனி பெயரில் இருந்து தேய்மானம் கழித்திருந்தால் ஜிஎஸ்டி வரலாம், ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

லோன் இருந்தால் முடித்து, வங்கி என்ஓசியும் படிவம் 35ம் வாங்கி, ஆர்சியில் ஹைப்போதிகேஷனை (வங்கியின் அடமானப் பதிவை) நீக்குங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநிலம் என்றால் படிவம் 28 என்ஓசியும் வேண்டும். தேதி போடாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். பதிவுபெற்ற டீலரிடம் விட்டால் படிவம் 29சி வழியாக ஒப்படைப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 387 குதிரைத்திறன் வண்டி ஈசிஆரில் யார் கையிலோ ஓடும்போது பெயர் உங்களுடையதாக இருக்கக் கூடாது. டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணியும் கிலோமீட்டரும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

கொடுக்கும் நாளில் ஃபாஸ்டேகை மூடுங்கள். மை பிஎம்டபிள்யூ ஆப்பிலிருந்து வண்டியை நீக்கி, வண்டியின் திரை சிஸ்டமான ஐட்ரைவை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், வீட்டு முகவரியும் போன் தொடர்புகளும் அதில் இருக்கும். கிளைம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளைம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போகாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கினால் 3 வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படும். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் புது ஓனர் பெயர் ஏறும்வரை வாரம் ஒருமுறை பாருங்கள், ஏறியதும் அந்தப் பக்கத்தைச் சேமித்து டெலிவரி நோட்டோடு வையுங்கள்.