நுகர்வுப் பழக்க ஆய்வு: அட்டவணைகளை ஒட்ட முதல் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் வீட்டு நுகர்வை ஆய்வு செய்யும் மாணவர்களிடம் பெரும்பாலும் ஒரே வீடுகளைப் பற்றி மூன்று அட்டவணைகள் இருக்கும்: வீட்டு விபரம், வாங்கிய சாமான் கணக்கு, எது எவ்வளவு பிடிக்கும் என்று கொடுத்த புள்ளி. மூன்றையும் எக்செலில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நேரே முதன்மைக் கூறு பகுப்பாய்வுக்குள் (பல நிரல்களைச் சில அச்சுகளாகச் சுருக்கும் முறை) போடுவதுதான் அடிக்கடி காணும் பிழை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

சாமான் கணக்கில் 30 நிரல், விருப்பப் புள்ளியில் 6 நிரல் என்று வையுங்கள். நியமப்படுத்தினாலும், அதாவது எல்லா நிரலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாலும், ஒவ்வொரு நிரலும் 1 என்ற மாறற்றிறனோடு (பரவலின் அளவு) வருகிறது, ஆகவே 36இல் 30 சாமான் கணக்குக்கே போய்விடும், ஒடியல் கூழ் யாருக்குப் பிடிக்கும் என்று நீங்கள் பாடுபட்டுக் கேட்டதெல்லாம் வரைபடத்தில் அமுங்கிப் போகும். பிரெஞ்சுப் புள்ளிவிபரவியலாளர்களான எஸ்கோஃபியேயும் பாஜேஸும் உருவாக்கிய பல்காரணிப் பகுப்பாய்வு இதற்குத்தான். ஒவ்வொரு அட்டவணையையும் முதலில் தனியாகப் பகுத்து, அதன் முதல் ஐகன் பெறுமானத்தால் (முதல் அச்சில் அடங்கும் மாறற்றிறன்) அந்த அட்டவணை நிரல்களின் நிறையை வகுக்கிறது. எந்த அட்டவணையும் தனியே முதல் அச்சைப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆனால் எல்லா அட்டவணையும் எல்லா அச்சிலும் சமமாகிவிட்டது என்று எழுதி விடாதீர்கள். பல பரிமாணங்கள் உள்ள அட்டவணை கூடுதல் அச்சுகளில் பங்கெடுக்கத்தான் செய்யும், அது சரியும்கூட.

அதற்கும் முதல், நிரைகள். ஒரு வீட்டுக்கு வாங்கிய பதிவு 12, வீட்டு விபரத்தில் ஆளுக்கொரு நிரையாக 4 பேர் என்றால், வீட்டு இலக்கத்தை மட்டும் வைத்து இரண்டையும் இணைத்தால் 48 நிரை வரும், சீனிச் செலவு நாலு மடங்காகும். முதலில் வீட்டுக்கு ஒரு நிரையாகச் சுருக்குங்கள், பிறகு இணையுங்கள்.

‘தினமும்’, ‘கிழமைக்கு ஒருக்கா’ போன்ற விடைகளுக்குப் போட்ட 1, 2, 3 என்ற இலக்கங்கள் அளவுகள் அல்ல. ஆர் மொழியில் இந்தப் பகுப்பாய்வைச் செய்யும் ஃபாக்டோமைன்ஆர் பொதியில் அந்த நிரல்களின் தொகுதியை வகையாகக் குறியுங்கள். எண் நிரல்களில் விடுபட்ட கலங்களை அது பேசாமல் நிரல் சராசரியால் நிரப்பும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. ஒரு அட்டவணையை அந்தக் காலத்திலும் மற்றதைத் தையிலும் எடுத்துவிட்டு, வித்தியாசத்தை வருமானத்தின் தலையில் கட்டுவது அநியாயம். இரண்டு காலத்திலும் கேட்ட வீடுகளே வேறு என்றால் நிரைகள் பொருந்தாது. பொதுவாக உள்ள நிரல்களை வைத்து இரட்டைப் பல்காரணிப் பகுப்பாய்வுக்குப் போங்கள்.

கடைசியாக, இரண்டு அட்டவணைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆர்வி குணகம். 0 முதல் 1 வரை போகும் இது, வீடுகள் குறைந்து நிரல்கள் கூடினால் தொடர்பே இல்லாத அட்டவணைகளுக்கும் பெரிதாக வரும். ஒரு அட்டவணையின் நிரைகளைப் பலமுறை குலைத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் வரும் பெறுமானத்தோடு உங்களுடையதை ஒப்பிடுங்கள். அந்தச் சோதனை இல்லாமல் குணகத்தை மட்டும் அறிக்கையில் போட வேண்டாம்.