ஏடிஎச்டி அசெஸ்மெண்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி என்னென்ன ரெடி பண்ணி வைக்கணும்

ஏடிஎச்டின்னா கவனக்குறைவு, துறுதுறுப்பு, அவசரபுத்தின்னு தெரியற ஒரு கோளாறு. அது இருக்கான்னு பாக்கப் போய் டாக்டர் முன்னாடி உக்காந்ததும் "சொல்லுங்க, என்ன பிரச்சனை"ன்னு கேப்பாரு, நம்மாளுங்க முக்காவாசிப் பேர் "கான்சன்ட்ரேஷன் இல்ல டாக்டர், எல்லாம் மறந்து மறந்து போகுது"ன்னு சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. தூக்கம் பத்தாதவங்களுக்கும் அது இருக்கும், கவலையில இருக்கறவங்களுக்கும் இருக்கும், தைராய்டு கோளாறு, ரத்தசோகை இருந்தாலும் இருக்கும், அப்புறம் டாக்டர் எத வச்சு முடிவு பண்ணுவாரு? ரத்தத்தைப் பாத்தோ ஸ்கேன் எடுத்தோ ஏடிஎச்டியக் கண்டுபிடிக்க முடியாது. உங்க வாழ்க்கையில நடந்த கதைதான் டெஸ்ட்டே, அதனால கையில சம்பவங்களோட போங்க.

முதல்ல எங்க போறதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். சிங்கப்பூர்ல சிட்டிசன், பிஆர் (நிரந்தரவாசி)னா அரசாங்க பாலிகிளினிக்ல ரெஃபரல் லெட்டர் வாங்கிட்டு மனநல ஆஸ்பத்திரியான ஐஎம்எச்சுக்கோ வேற அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ போனா சலுகைக் கட்டணம், நேரா போய் நின்னா பிரைவேட் ரேட். 6லேருந்து 18 வயசு வரைக்கும்னா ஐஎம்எச்சோட சைல்ட் கைடன்ஸ் கிளினிக். 16லேருந்து 30க்குள்ள இருந்து, இது ஏடிஎச்டியா வேற ஏதாச்சும் மனக்கஷ்டமான்னே புரியலன்னா சாட்னு ஒரு சேவை இருக்கு, அங்க மனநல செக் இலவசம், முதல்ல அங்க பேசிப் பாக்கலாம். அரசாங்கப் பக்கம் மாசக்கணக்குல காத்திருக்க வேண்டி வரலாம். பிரைவேட்ல சீக்கிரம் கெடைக்கும், ஆனா சைக்காலஜிஸ்ட்கிட்ட முழு டெஸ்ட்டுன்னா ஆயிரம் வெள்ளியத் தாண்டறது சாதாரணம். இன்னொண்ணு, சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத முடியாது, சைக்கியாட்ரிஸ்ட் (மனநல டாக்டர்) மாதிரி டாக்டருங்கதான் எழுதணும். மருந்து வேணும்னு நெனச்சா காசு கட்டறதுக்கு முன்னாடி இத யோசிச்சுக்கோங்க.

காத்திருக்கற அந்த மாசங்கள சும்மா விட்டுடாதீங்க, உண்மையான வேலையே அப்பதான்.

டாக்டருங்க பெரும்பாலும் பாக்கறது டிஎஸ்எம்-5ங்கற மனநலக் கையேட்டுல இருக்கற விதிகள. கவனக்குறைவுக்கு 9 அறிகுறி, துறுதுறுப்பு அவசரபுத்திக்கு 9 அறிகுறி. 17 வயசுக்குக் கீழன்னா ஏதாவது ஒரு பக்கத்துல 6, 17ம் அதுக்கு மேலயும்னா 5 இருக்கணும், ஆறு மாசமாவது தொடர்ந்து இருக்கணும், வீடு மட்டும் இல்லாம ஸ்கூலு வேலைன்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும், அன்றாட வாழ்க்கையக் கெடுக்கணும். இதோட, சில அறிகுறியாவது 12 வயசுக்கு முன்னாடியே இருந்திருக்கணும். வளந்தவங்க பல பேர் தடுக்கி விழறது இந்தக் கடைசி விஷயத்துலதான், முப்பது வயசுல போய் உக்காந்துக்கிட்டு பிரைமரி டூல எப்படி இருந்தீங்கன்னு கேட்டா யாருக்கு ஞாபகம் இருக்கும், அதுவும் மறதிக்காகவே வந்திருக்கற ஆளுக்கு!

அதனால முதல் வேலை ஸ்டோர்ரூம். எந்த அம்மாவும் ரிப்போர்ட் புக்கத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாங்க, ஏதாவது ஒரு பழைய பிஸ்கட் டின்லயோ ஃபைல்லயோ இருக்கும். மார்க்க விடுங்க, கீழ ஃபார்ம் டீச்சர், அதான் கிளாஸ் டீச்சர், எழுதின ரெண்டு வரியத்தான் பாக்கணும். "ஈஸிலி டிஸ்ட்ராக்டட்", "கேர்லெஸ் மிஸ்டேக்ஸ்", "டாக்ஸ் டூ மச்", "பகல்கனவு காணும் பிள்ளை", இப்படி ஒவ்வொரு வருஷமும் வேற வேற டீச்சர் ஒரே மாதிரி எழுதியிருந்தா அத போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ரெண்டாவது வேலை கொஞ்சம் சாமர்த்தியமா செய்யணும், அம்மாகிட்ட பேசறது. எடுத்த எடுப்புல "எனக்கு ஏடிஎச்டி இருக்கும்னு நெனக்கிறேன்மா"ன்னு ஆரம்பிச்சா போச்சு, "உனக்கு என்ன கொறச்சல், நல்லாத்தானே படிச்ச, எல்லாம் போன் பாத்துப் பாத்து வந்தது"ன்னு கதவு சாத்திக்கும். அவங்களச் சொல்லிக் குத்தமில்ல, பிள்ளைக்கு இப்படின்னா தன் வளர்ப்பச் சொல்றாங்கன்னு பயம், நாலு சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்களோன்னு அது வேற. ஞாயித்துக்கிழமை பசியாறும்போது சும்மா பழங்கதை மாதிரி கேளுங்க. பிரைமரி த்ரீல டீச்சர் உங்கள வரச் சொன்னாங்களேம்மா, எதுக்கு? நான் வருஷத்துக்கு எத்தன தண்ணி பாட்டில் தொலச்சிருப்பேன்? ஹோம்வொர்க் பண்ணும்போது யாரு கூட உக்காந்திருப்பா?

"யாரு, நான்தான், நான் பக்கத்துல உக்காந்தாத்தான் எழுதுவ, அடுப்பப் பாத்துட்டு வரதுக்குள்ள பென்சிலக் கடிச்சுக்கிட்டு ஜன்னல் வழியா பஸ்ஸ எண்ணிக்கிட்டு இருப்ப, பத்து கணக்குக்கு ராத்திரி பத்து மணி ஆயிடும்." இந்த மாதிரி ஒரு பதில் கெடச்சா அப்படியே எழுதி வச்சுக்கோங்க. டாக்டருக்கு நீங்களா யோசிச்சுச் சொல்ற பத்து வார்த்தைய விட இது உதவும். "உங்கப்பாவும் இப்படித்தான், சாவியத் தேடாத நாளே கிடையாது"ன்னு சிரிச்சாங்கன்னா அதையும் குறிச்சுக்கோங்க, ஏடிஎச்டி குடும்பத்துல வழிவழியா வர வாய்ப்பு ரொம்ப அதிகம். அம்மா அப்பா ஊர்ல இருக்காங்கன்னா வாட்ஸப் கால் போதும், அவங்க இல்லன்னா அக்கா, அத்தை, கூடப் படிச்ச ஃபிரெண்டு யாராச்சும். நேர்ல கூட்டிட்டுப் போறீங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் சரளமா வராதுன்னா, தமிழ்ல பேச ஆள் கெடைக்குமான்னு கிளினிக்குக்கு முன்னாடியே போன் போட்டுக் கேளுங்க, நீங்களே நடுவுல நின்னு மொழிபெயர்க்காதீங்க, கூட்டியோ கொறச்சோதான் வரும்.

"பிரைமரி கடைசிப் பரீட்சை பிஎஸ்எல்ஈல நல்ல மார்க் எடுத்திருக்கீங்களே"ன்னு டாக்டர் கேட்டாலும் கேப்பாரு. வாயடைச்சுப் போகாதீங்க, அந்த மார்க் எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க. வாரத்துல நாலு டியூஷன், பக்கத்துல அம்மா, கடைசி ராத்திரி முட்டி மோதிப் படிச்சது. சிங்கப்பூர்ல நம்ம பிள்ளைங்களுக்கு டைம்டேபிள மத்தவங்க போட்டுக் குடுத்துடறாங்க, அது போனதும்தான், அதாவது பாலிடெக்னிக், யூனிவர்சிட்டி, முதல் வேலை, இல்ல முதல் குழந்தைன்னு வரும்போதுதான் எல்லாம் சரியுது. பொம்பளப் பிள்ளைங்க சத்தம் போடாம உக்காந்து கனவு கண்டா யாரும் கண்டுக்கறதே இல்ல, அப்படித் தப்பிப் போனவங்க நெறைய.

மூணாவது, இப்ப நடக்கறது. போன்ல ஒரு நோட் தொறந்து ரெண்டு மூணு வாரம் நடக்க நடக்க போட்டுக்கிட்டே வாங்க, உக்காந்து கட்டுரையெல்லாம் எழுத வேணாம். இப்படி இருந்தாப் போதும்:

செவ்வாய் - பாஸ் மீட்டிங்ல சொன்ன மூணு விஷயத்துல ஒண்ணுதான் ஞாபகம், திரும்பக் கேக்க வெக்கம்.
வியாழன் - அரிசி ஊறப் போட்டுட்டு துணி காயப்போடப் போனேன், நடுவுல போன், அரிசி மறுநாள்தான் ஞாபகம் வந்துச்சு.
இன்கம் டாக்ஸ் - கணக்குக் காட்ட ஏப்ரல் 18 கடைசி நாள்னு தெரியும், பத்து நிமிஷ வேலை, தெனமும் நெனச்சேன், லேட் லெட்டர் வந்துச்சு.

ஒவ்வொண்ணும் உங்களுக்கு என்ன நஷ்டம் குடுத்துச்சுன்னு ஒரு வார்த்த சேத்துக்கோங்க, காசா, வேலையா, வீட்ல சண்டையா. தூக்கம், காப்பி, குடி, சாப்பிடற மருந்து, நாட்டு மருந்து, குடும்பத்துல இதய நோய், சின்ன வயசுல திடீர்னு யாராச்சும் தவறிப் போனது, எல்லாத்தையும் குறிச்சுக்கோங்க, ஏன்னா மெத்தில்ஃபெனிடேட் மாதிரி ஏடிஎச்டி மருந்து நாடித்துடிப்பையும் பிபியையும் கொஞ்சம் ஏத்தும். மனச்சோர்வு, பதட்டம் இருந்தா மறைக்காதீங்க, ரெண்டும் சேந்தே வரலாம்.

நெட்ல ஏஎஸ்ஆர்எஸ்னு வளந்தவங்க தாங்களே போட்டுப் பாக்கற 18 கேள்வி இருக்கும், போட்டுப் பாக்கலாம் தப்பில்ல, ஆனா அது முதல்கட்ட வடிகட்டல்தான், அதுல வர மார்க்கக் காட்டி எனக்கு இருக்குன்னு வாதாட முடியாது. டிக்டாக் வீடியோல கேட்ட வசனங்கள டாக்டருங்க நூறு தடவ கேட்டிருப்பாங்க, உங்க அரிசிக் கதை அவங்களுக்குப் புதுசு. ஃபிரெண்டோட மாத்திரைய வாங்கிப் போட்டு டெஸ்ட் பண்றது மட்டும் வேணவே வேணாம், சட்டப்படியும் வம்பு.

டீன்ஏஜ் பிள்ளைங்களுக்குத் தனியா ரெண்டு வார்த்த. வீட்ல சொல்லப் பயமா இருந்தா ஸ்கூல் கவுன்சலர்கிட்ட ஆரம்பிங்க, அவங்க அம்மா அப்பாகிட்ட பேசற விதமே வேற. டீச்சருக்கும் ஒரு ஃபார்ம் போகும், உங்களப் புரிஞ்சுக்கிட்ட டீச்சர் பேரச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட "கொஞ்ச நேரம் தனியா பேசலாமா"ன்னு கேக்கலாம், அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. ஓ லெவல் மாதிரி பரீட்சைல கூடுதல் நேரம் கேக்கறதா இருந்தா ஸ்கூல் மூலமாத்தான் விண்ணப்பிக்கணும், ரிப்போர்ட் வேணும், அதனால பரீட்சை வருஷம் பொறந்தப்புறம் ஓடாதீங்க. என்எஸ்ஸுக்கு (தேசிய சேவைக்கு) போற பசங்க மெடிக்கல் செக்கப்ல மறைக்காம சொல்லிட்டு ஸ்பெஷலிஸ்ட் எழுதித் தர மெமோவயும் காட்டிடுங்க.

டாக்டரப் பாக்கற அன்னைக்கு வழக்கம்போல போங்க. அஞ்சு அலாரம் வச்சு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து உக்காந்திருந்தீங்கன்னா அதையும் சொல்லுங்க, நேரத்துக்கு வந்துட்டாரே, இவருக்கென்னன்னு நெனச்சிடக் கூடாது. ஒரே சந்திப்புல முடியலன்னா பயப்படாதீங்க, ரெண்டு மூணு ஆகலாம். இது ஏடிஎச்டி இல்லன்னு சொன்னா "அப்ப என்ன, அடுத்து யாரப் பாக்கணும்"னு அங்கயே கேளுங்க, எழுந்து வந்துடாதீங்க. ஸ்கூலுக்கோ என்எஸ்ஸுக்கோ மெமோ வேணும்னா அன்னைக்கே சொல்லிடுங்க, அதுக்குத் தனிக் கட்டணம் இருக்கும், கைக்கு வர நாளும் எடுக்கும்.