பிக்கப் வண்டிக்குக் கூடுதல் பட்டை போடும் முன்

பின்பக்கம் இறங்கி நிற்கும் பிக்கப்பைப் பார்த்ததும் "ஒரு பட்டை சேர்த்துப் போட்டுவிடலாம்" என்று நேராகப் பட்டறைக்குப் போவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. பட்டை என்பது பின் ஆக்சிலில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடு. வண்டி இறங்கியது ஏன் என்று யாரும் பார்ப்பதில்லை.

லோடு இல்லாமல் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் பட்டை உடைந்திருக்கலாம், பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம், பட்டையின் முனையை சேசிஸோடு இணைக்கும் இடத்திலுள்ள ஷேக்கிள் புஷ் தேய்ந்திருக்கலாம். அது பழுது பார்க்க வேண்டிய விஷயம். காலியாக நிற்கும்போது சரியாக இருந்து, சரக்கு ஏற்றினால் மட்டும் அடியில் இடிக்கிறது என்றால், எடைமேடைச் சீட்டையும் ஆர்.சி.யில் உள்ள எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டை சேர்த்தால் பட்டையின் வலு மட்டும்தான் கூடும். ஆக்சில், சேசிஸ், பிரேக் எல்லாம் பழையபடிதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்குச் சட்டம் சொல்லும் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய்.

பிரேக் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. பல பிக்கப்களில் சேசிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கம்பியோடு இணைந்த வால்வு இருக்கும். சரக்கு ஏறி பாடி கீழே இறங்க இறங்க, பின்சக்கர பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடுவது அதன் வேலை. கூடுதல் பட்டை போட்டால் பாடி அவ்வளவாக இறங்காது. வண்டியில் லோடு குறைவு என்றே அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். முழு லோடோடு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் போதுமான அளவு பிடிக்காது. பட்டையில் கை வைத்தால் இந்த வால்வையும் கம்பெனி அளவுப்படி செட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பட்டறையில் அவர்களாகச் செய்வது அபூர்வம்.

அடுத்த தவறு, பழைய டயரைப் படிக்காமலே கழற்றிப் போடுவது. நடுவில் மட்டும் பட்டன் (தரையைத் தொடும் பள்ளம் மேடான பகுதி) தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம் சரியில்லை. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, எண்ணெய் கசிகிறதா பாருங்கள். காரணத்தைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம். பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு அந்த அளவைக் காட்டும். மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பேன். பட்டன் நன்றாக இருந்தாலும் வயதைப் பாருங்கள்: பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. வெடிப்பு விட்ட டயரில் பட்டன் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

விலை குறைவு என்று கார் டயரை மாட்டுவது ஆபத்து. பக்கவாட்டில் உள்ள லோடு எண்ணைப் பாருங்கள்: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 108 என்றால் 1,000 கிலோ. பெரிய டயர் ஆசையும் வேண்டாம். சுற்றளவு 5 சதவீதம் கூடினால், மீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் கிட்டத்தட்ட 63இல் போவீர்கள், மேட்டில் இழுவையும் குறையும்.

அப்படியானால் எப்போதுதான் மேம்படுத்துவது? எடை அளவுக்குள்ளேயே இருந்து, எல்லாம் பழுதில்லாமல் இருந்து, தினமும் எஸ்டேட் பாதையிலோ குவாரியிலோ ஓட வேண்டியிருந்தால் யோசிக்கலாம். அப்போதும் அந்த மாடலுக்குக் கம்பெனியே ஏற்றுக்கொண்ட பாகம்தான் போட வேண்டும். உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது.

வேலை முடிந்து எடுக்கும்போது பட்டையை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். புதிதுதான் வேண்டும். அதையும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முறுக்கி வாங்குங்கள்.