தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: வீடு பிடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு தாய்லாந்துப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கக் கிளம்புகிறவர்கள், வேலை ஒப்பந்தத்தை வரி விடாமல் படிக்கிறார்கள். தங்குமிடத்தை மட்டும் 'போய்ப் பார்த்துக்கிடலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே இறங்கியதும், பெருமாள்புரத்தில் வீடு பார்க்கிற அதே வழக்கத்தில் பார்க்கிறார்கள். கைப்பணம் போவதும் விசா வேலை இழுபடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

அட்வான்ஸ் என்ற சொல்லிலேயே குழப்பம் தொடங்கிவிடும். நம்மூரில் அட்வான்ஸ் என்றால் காலி செய்யும்போது திரும்பி வருகிற பணம். அங்கே அது முன்கூட்டியே கட்டும் முதல் மாத வாடகை, திரும்பாது. திரும்பி வருவதற்குப் பெயர் டெபாசிட், அதைத் தனியாகக் கட்ட வேண்டும். வீட்டுக்காரர்கள் பொதுவாகக் கேட்பது இரண்டு மாத டெபாசிட்டும் ஒரு மாத அட்வான்ஸும். வாடகை 6,000 பாட் (தாய்லாந்து நாணயம்) என்றால் சாவி வாங்குகிற அன்றைக்கே 18,000 பாட் வேண்டும்; அதில் 12,000 மட்டும்தான் பின்னால் உங்களுக்கு வரும். முதல் சம்பளம் மாதம் முடிந்துதான் கைக்கு வரும் என்பதால், இந்தத் தொகையோடு ஒரு மாதச் செலவுக்கும் சேர்த்து ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும்.

கடைசி மாத வாடகையைக் கொடுக்காமல் 'டெபாசிட்ல கழிச்சுக்கிடுங்க' என்று சொல்வதும் நம்மூர்ப் பழக்கம். அங்கே அது ஒப்பந்த மீறல். அதையே காரணம் காட்டி டெபாசிட் முழுவதையும் பிடித்துக்கொள்ள வழி உண்டு. காலி செய்த பிறகு அறையைப் பார்வையிட்டு, கடைசி கரண்ட் பில்லைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். சில வீடுகளில் இதற்குச் சில வாரங்கள்கூட ஆகும். ஆகவே காலி செய்த மறுநாளே விமானம் ஏறும்படி டிக்கெட் போடாதீர்கள். பணம் வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கையும் மூடாதீர்கள்.

அடுத்தது ஒப்பந்த காலம். தாய்லாந்தில் பள்ளிகள் மே நடுவில் திறந்து மார்ச்சில் முடிகின்றன. அதனால் பல பள்ளிகளின் வேலை ஒப்பந்தம் பத்து, பதினோரு மாதங்களுக்குத்தான் இருக்கும். வீட்டு ஒப்பந்தமோ பெரும்பாலும் 12 மாதம். மார்ச்சில் கிளம்பினால் 'ஒப்பந்தம் முடியவில்லை' என்று டெபாசிட்டை நிறுத்திவிடுவார்கள். ஆறு மாத ஒப்பந்தம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் 'வேலை முடிந்தால் 30 நாள் முன்கூட்டிச் சொல்லிக் காலி செய்யலாம், டெபாசிட் திரும்பக் கிடைக்கும்' என்ற வரியை எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி தாய்லாந்து மொழிப் பிரதியிலும் இருக்க வேண்டும். ஆங்கிலப் பிரதியில் மட்டும் இருந்தால் தகராறு வரும்போது அது நிற்பது கடினம். கையெழுத்துக்கு முன் பள்ளியில் உடன் வேலை பார்க்கும் தாய்லாந்து ஆசிரியர் ஒருவரை வாசித்துச் சொல்லச் சொல்வது நல்லது.

எல்லாவற்றிலும் அதிகம் தொந்தரவு தருவது டி.எம்.30 என்ற தங்குமிடப் பதிவு. வெளிநாட்டவர் ஒருவர் தங்க வந்தால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1979-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம். பொறுப்பு வீட்டுக்காரருடையது, ஆனால் அவர் செய்யாவிட்டால் சிக்கிக்கொள்வது நீங்கள். விசா நீட்டிப்புக்குப் போகும்போது இந்தப் பதிவின் ரசீதைத்தான் கேட்பார்கள். வாடகை வருமானம் வரிக் கணக்கில் ஏறிவிடும் என்று பயந்து சிலர் பதிய மாட்டேன் என்பார்கள். அதனால் பணம் கொடுக்கும் முன்பே 'டி.எம்.30 பதிந்து ரசீது தருவீர்களா?' என்று கேளுங்கள். தயங்கினால் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் வேண்டாம். சம்மதித்தால் பாஸ்போர்ட்டின் படப் பக்கம், விசா, நுழைவு முத்திரை மூன்றுக்கும் நகல் கொடுத்து ரசீதை வாங்கி வையுங்கள். வீடு மாறினால் மறுபடியும் பதிய வேண்டும். 90 நாளுக்கு ஒரு முறை முகவரி தெரிவிப்பது வேறு வேலை. அது உங்கள் பொறுப்பு.

வாடகை குறைவு என்று மயங்கியவரை மாட்டிவிடுவது கரண்ட். நமக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று பழகிவிட்டது. அங்கே மின்வாரியம் நேரடியாக பில் போட்டால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 4 பாட். வாடகை அறைக் கட்டடங்களில் உரிமையாளரே 7, 8 பாட் என்று போடுவதுண்டு. இன்வெர்ட்டர் இல்லாத ஒரு டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். இரவு 10 மணி நேரம் ஓடினால் மாதம் 300 யூனிட். 4 பாட் வீதம் 1,200; 8 பாட் வீதம் 2,400. 'வாடகை எவ்வளவு' என்பதோடு 'யூனிட் எவ்வளவு' என்றும் கேட்டால்தான் உண்மையான வாடகை தெரியும். குடிபோகும் நாளில் மீட்டர் எண்ணையும், சுவர்க் கீறல், ஏசி நீர்க்கசிவு, மெத்தைக் கறை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

தரைத்தளமாக இருந்தால் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் பெயிண்ட் உப்பியிருந்தாலோ, பழுப்புக் கோடு ஓடியிருந்தாலோ தண்ணீர் நின்ற இடம். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு அந்தக் கோடு புதிதல்ல.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'தங்குமிடம் எல்லாம் ரெடி, ஏர்போர்ட்டுக்கு வண்டி வரும்' என்று சொல்லிவிட்டு முகவரியைத் தராத ஏஜென்ட் வழியாகப் போகவே போகாதீர்கள். 2022-இல் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன தமிழர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டார்கள். பள்ளியின் பெயர், அறை இருக்கும் தெரு, மாகாணம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பள்ளிக்கு நீங்களே போன் போட்டு உறுதி செய்யுங்கள். பாங்காக்கில் வேலை என்றவர் சுமார் 500 கி.மீ. தள்ளி, மியாவாடிக்கு எதிரே எல்லையில் இருக்கும் மே சோட்டில் அறை என்றால், டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

சமையலுக்கு வருவோம். ஓர் அறை வீடுகள் பலவற்றில் அடுப்படி கிடையாது; கேஸ் சிலிண்டரைப் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பால்கனியில் என்றால் சம்மதிப்பவர்கள் உண்டு. நம் மிக்ஸி அங்கே ஓடும், மின்னழுத்தம் ஏறத்தாழ இதேதான். ஆனால் நம்மூர் மூன்று பின் பிளக் அந்தப் பாயிண்டில் நுழையாது. மிக்ஸியின் வாட்டைத் தாங்கும் அடாப்டர் ஒன்றை ஊரிலேயே வாங்கிப் பெட்டியில் வையுங்கள். சொதிக்குத் தேங்காய் அரைக்கும் வேலைகூட மிச்சம். அங்கே சந்தைகளிலேயே தேங்காய்ப்பால் பிழிந்து தருகிறார்கள்.