நோட்ஸ் ஆப்பை மெருகேற்றும்போது கோட்டைவிடும் இடங்கள்

பாம்பன் பக்கம் வல்லக்காரர்களிடம் (நாட்டுப்படகு மீனவர்களிடம்) நண்டு வாங்கும் அக்கா ஒருவருக்காகத்தான் சின்னதாக ஒரு நோட்ஸ் ஆப் எழுதினேன். யாரிடம் எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு முன்பணம், ஐஸுக்கு என்ன செலவு, எல்லாம் அதில்தான். முதல் பதிப்பு வெறும் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. அடுத்ததில் கலர், ஃபோல்டர், ‘சேமி’ பட்டன் என்று சேர்த்தேன். ஒரே வாரத்தில் போன் வந்தது. “தம்பி, காலையில எழுதுன எடையக் காணோம்ப்பா. வல்லக்காரருக்கு நான் என்ன பதில் சொல்ல?”

நடந்தது இதுதான். எடை எழுதிக்கொண்டிருக்கும்போதே, அவரிடம் நண்டு வாங்கும் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பேசிவிட்டு, கேமராவைத் திறந்து நண்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். ரேம் குறைந்த போனில் பின்னால் போன ஆப்பை ஆண்ட்ராய்டு எப்போது வேண்டுமானாலும் மூடிவிடும். ‘சேமி’யை அழுத்த அவருக்கு ஏது நேரம்? அந்தப் பட்டனே இருக்கக் கூடாது. விரல் நின்ற அரை நொடியில் ஒருமுறை, ஆப் திரையை விட்டு விலகும்போது இன்னொருமுறை, தானாகவே பதிய வேண்டும்.

அடுத்தது, இழுத்தால் அழியும் வசதி. உப்புத்தண்ணீர் மின்சாரம் கடத்தும். தொடுதிரையில் விழுந்த சொட்டையே விரல் என்று போன் நினைத்துக்கொள்ளும். ‘அழிக்கவா?’ என்று கேட்டாலும் பயனில்லை, பழக்கத்தில் ‘ஆம்’ என்று தட்டிவிடுகிறார்கள். அழித்தது 30 நாளாவது குப்பைத்தொட்டியில் கிடக்கட்டும்.

தேடலில்தான் தமிழ் தெரிந்தவர்களே ஏமாந்துபோகிறோம். ‘கொடுவா’ என்று மீன் பெயரைப் போட்டு அக்கா தேடினார், வரவில்லை. குறிப்போ கண்ணெதிரே இருக்கிறது. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. பதியும்போதும் தேடும்போதும் எழுத்தை என்எஃப்சி (இப்படிப்பட்ட இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பையும் ‘ள’வையும் சேர்த்து அடிப்பவர்கள் நிறையப் பேர். அதை என்எஃப்சி சரிசெய்யாது, தேடலில் நாமே தனியாகக் கவனிக்க வேண்டும்.

பட்டியலில் முதல் சில எழுத்துகளை மட்டும் காட்டும் இடத்திலும் இதே கதைதான். குறியீடுகளை எண்ணி வெட்டினால் ‘கணவாய்’ புள்ளியில்லாமல் ‘கணவாய’ என்று நிற்கும். எழுத்து எங்கே முடிகிறது என்று காட்டும் பிரேக்இட்டரேட்டர் என்ற கருவியைக் கொண்டு முழு எழுத்தாக எண்ணி வெட்டுங்கள்.

திறந்ததும் ஓடிபி கேட்காதீர்கள். கடலுக்குள் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. குறிப்பு முதலில் போனிலேயே இருக்க வேண்டும், சர்வர் பிறகு. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஒரே குறிப்பை இரண்டு போனில் திருத்தினால், கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்வது ஒருவருடைய கணக்கை விழுங்குவதற்குச் சமம். இரண்டையும் வைத்துவிட்டு, எது சரியென்று அவர்களிடமே கேளுங்கள்.

எனக்கு மிகவும் பயம் தரும் தவறு ஒன்று உண்டு. புதுப்பதிப்பில் டேட்டாபேஸின் அமைப்பை மாற்றுவோம். பழையதைப் புதிதுக்குக் கொண்டுபோகும் நிரல் எழுதச் சோம்பல்பட்டு, ஆண்ட்ராய்டில் டேட்டாபேஸைக் கையாளும் ‘ரூம்’ நூலகத்தில் ‘ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்’ என்ற ஒரு வரியைப் போட்டுவிடுவோம். அப்படி ஒரு நிரல் இல்லாத இடத்தில் அது பழைய டேபிள்களையே அழித்துவிடும். எல்லோரும் பதிப்பு வந்த அன்றே மாற்றுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் ஒருவர் ஆப்பைத் தொடாமலே இருக்கலாம். திரும்ப வரும்போது ஒன்றாம் பதிப்பிலிருந்து நேராக நான்காவதுக்குத் தாவுவார். அந்தத் தாவலையும் பழைய போன் ஒன்றில் வைத்துச் சோதித்துவிட்டு வெளியிடுங்கள்.

அக்கா தானாகக் கேட்ட மாற்றம் ஒன்றே ஒன்றுதான், “எழுத்து பெருசா வேணும்ப்பா.” பெரிதாக்கியதும் ‘மீன்’ என்பதில் மேல்சுழி வெட்டுப்பட்டது. வரியின் உயரத்தை நான் இறுக்கிக் கட்டியிருந்தேன். அதைத் தளர்த்தி, சாம்பல் நிற எழுத்தையும் கறுப்பாக்கினேன். இப்போது உச்சிவெயிலில் கரையில் நின்றே படிக்கிறார்.