எம்.எஸ்சி நர்சிங்: கல்லூரியைத் தேடும் முன் பிரிவை முடிவு செய்யுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பி.எஸ்சி நர்சிங் முடித்தவர்கள் மேற்படிப்பு என்றதும் முதலில் விசாரிப்பது, சேலத்தில் சீட் கிடைக்குமா, ஓசூரிலிருந்து பெங்களூரு போய்வர முடியுமா என்பதைத்தான். மகப்பேறு, மனநலம் என்று எந்தப் பிரிவில் சிறப்புப் படிப்பு என்பது கடைசியில், மிச்சமிருக்கும் சீட்டைப் பார்த்து முடிவாகிறது. இது தலைகீழ்.

இரண்டு வருடப் படிப்பில் நர்சிங் எஜுகேஷன், ரிசர்ச், மேனேஜ்மென்ட் எல்லாம் எல்லாருக்கும் பொது. அதனால் "நர்சிங் கல்லூரியில் டியூட்டராகத்தான் (ஆசிரியராகத்தான்) போகப்போகிறேன், எதை எடுத்தால் என்ன" என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பிரிவுக்கான கிளினிக்கல் நேரம், அதாவது வார்டில் பயிற்சி பெறும் நேரம், முதல் ஆண்டில் 650 மணி, இரண்டாம் ஆண்டில் 950 மணி. பிடிக்காத வார்டில் 1,600 மணி நேரம் நிற்பது லேசான காரியமில்லை.

பிரிவுகள் ஐந்து: மெடிக்கல் சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம், சமூக நலம். மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள் இதயம், நரம்பு, புற்றுநோய், சிறுநீரகம், எலும்பு, கிரிட்டிக்கல் கேர் (தீவிர சிகிச்சை) என்று உட்பிரிவுகள் உண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நரம்பியல் என்று சேர்ந்துவிட்டு, போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) போகும் ஆஸ்பத்திரியில் நியூரோ சர்ஜனே இல்லை என்றால் என்ன கற்பது? தர்மபுரி-சேலம் சாலையில் தொப்பூர் கணவாய் விபத்தில் தலையில் அடிபட்டு வருபவரை எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நியூரோ கேஸ் எங்கே சேருகிறது என்பது தெரிந்துவிடும்.

குழந்தைகள் பிரிவு என்றால் கொஞ்சுவது என்று நினைக்க வேண்டாம், அது கணக்கு. 8 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 120 மி.கி. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 4.8 மி.லி., 250 உள்ளது என்றால் 2.4 மி.லி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.2 மி.லி. பாட்டிலை மாற்றி எடுத்தால் டோஸே மாறிப்போகும். ஒவ்வொரு முறையும் சலிக்காமல் சரிபார்ப்பவருக்கு ஏற்ற பிரிவு இது.

மனநலத்தில் உங்கள் கருவி பேச்சு. நோயாளி சொன்னது, நீங்கள் சொன்னது, அப்போது உங்களுக்குள் ஓடியது என எல்லாவற்றையும் அப்படியே எழுதி அலச வேண்டும். எழுத அலுப்புப்படுபவர்கள் திணறுவார்கள். சமூக நலம் பலருக்கு இளக்காரம். ஆனால் இந்த மாவட்டங்களில் வேலைக்கும் ஆய்வுக்கும் விஷயம் கொட்டிக் கிடக்கிறது: குடிநீரில் ஃபுளோரைடு, சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்கள், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீடு தேடிப் போய் மருத்துவம் பார்க்கும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்'. மகப்பேறு எடுப்பவர்கள் இரவில் வரும் பிரசவங்களை நினைத்துப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஐ.சி.யு.வை விட்டு வர மனமில்லாதவர்களுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிக்கல் கேர் என்ற தனி இரண்டு வருட ரெசிடென்சி (ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபடியே படிக்கும் படிப்பு) உண்டு. அதில் பெரும்பகுதி நோயாளி பக்கத்தில்தான். கற்பிக்கும் ஆசை இருப்பவர் வழக்கமான எம்.எஸ்சி.யே எடுக்கலாம்.

தகுதிக்கு பி.எஸ்சி.யில் மொத்தம் 55 சதவீதம், அதன்பின் ஒரு வருட வேலை அனுபவம், நர்ஸ் மற்றும் மிட்வைஃப் பதிவு. அந்த ஒரு வருடத்தை ஒரே வார்டில் ஓட்டாதீர்கள். நர்சிங் சூப்பிரண்டெண்டிடம் கேட்டு, யோசிக்கும் இரண்டு பிரிவுகளிலும் டியூட்டி வாங்குங்கள். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபின் எந்த வார்டு கேஸைப் பற்றிப் புத்தகம் புரட்டினீர்கள் என்று கவனியுங்கள். சம்பளத்தையும் ஷிஃப்ட்டையும்விட நம்பகமான அறிகுறி அது. அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, வார்டு மூன்றும் இருக்கட்டும். பெங்களூரில் பி.எஸ்சி படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் சேர்பவர்கள் கர்நாடகக் கவுன்சில் பதிவை இங்கே மாற்றவும், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தகுதிச் சான்று வாங்கவும் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். கவுன்சலிங் நெருக்கத்தில் ஓடினால் காகிதம் வந்து சேராது.

கல்லூரியில் கேட்க வேண்டியவை: உங்கள் பிரிவுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா, எத்தனை சீட், அதே பிரிவில் படித்த கைடு (ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியர்) வேலையில் இருக்கிறாரா, போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரி, அங்கே அந்தப் பிரிவில் எத்தனை படுக்கை. டிசர்டேஷனுக்கு (படிப்பின் ஆய்வேட்டுக்கு) 60 நோயாளிகள் வேண்டும், மாதத்துக்கு 5 பேர்தான் வருகிறார்கள் என்றால் ஒரு வருடம் போய்விடும். நோயாளிகளிடம் ஆய்வு செய்ய எத்திக்ஸ் கமிட்டி தரும் அனுமதிக்கு ஆகும் நாளும் அதில் சேரும்.

விரும்பிய பிரிவில் சீட் கிடைக்காவிட்டால், கிடைத்ததில் சேருவதைவிட இன்னொரு வருடம் அந்த வார்டிலேயே வேலை பார்ப்பது மேல். அல்லது அதே துறையில் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ செய்யலாம்.