கர்ப்பப்பை நார்த்திசுக் கட்டி: ஸ்கேன் அறிக்கை முதல் சிகிச்சை முடிவு வரை

வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் ‘ஃபைப்ராய்டு’ (நார்த்திசுக் கட்டி) என்று எழுதியிருப்பதைக் கண்டு பதறிப்போகும் பெண்கள் பலர். 50 வயதை எட்டுவதற்குள் பெரும்பாலான பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் இக்கட்டி உருவாகிவிடுகிறது என்பதையும், அவர்களில் பலருக்கு அதனால் எந்தத் தொல்லையும் வருவதில்லை என்பதையும் முதலில் தெரிந்துகொள்வது நல்லது. கர்ப்பப்பைச் சுவரின் தசைச் செல் ஒன்று பெருகி, நார்த்திசுவுடன் சேர்ந்து உருண்டு திரண்டதே இக்கட்டி. இது புற்றுநோய் அன்று. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் இரு ஹார்மோன்களும் இதை வளர்ப்பதால், மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் தானே சுருங்கிவிடுகிறது. எனவே, கட்டி இருக்கிறது என்பதைவிட, அது எங்கே இருக்கிறது, உங்களுக்கு என்ன தொல்லை தருகிறது என்பவைதாம் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும்.

அறிக்கையைப் படிக்கும் முறை

‘பல்க்கி யூட்ரஸ், பின்சுவரில் 32 × 28 மி.மீ. இன்ட்ராமியூரல் ஃபைப்ராய்டு, என்டோமெட்ரியம் 8 மி.மீ.’ என்று உங்கள் அறிக்கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கர்ப்பப்பை வழக்கத்தைவிடச் சற்றுப் பெருத்திருக்கிறது, சுமார் 3 செ.மீ. அளவுள்ள கட்டி தசைச்சுவருக்குள்ளேயே இருக்கிறது, கர்ப்பப்பையின் உட்சவ்வு 8 மி.மீ. தடிப்புள்ளது என்பதே இதன் பொருள். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு அந்தத் தடிப்பு இயல்பானதே. ‘பல்க்கி’ என்னும் சொல் தனியாக ஒரு நோயைக் குறிப்பதில்லை. அதைக் காட்டி அச்சுறுத்துவோரும் உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அளவைக் காட்டும் எண்ணைவிட அதற்கு அடுத்து வரும் சொல்லே முக்கியமானது. ‘சப்மியூக்கோசல்’ என்றிருந்தால் கட்டி உட்புறக் குழிக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது, 2 செ.மீ. அளவே இருந்தாலும் பெரும்பாட்டையும் (மிகுதியான உதிரப்போக்கு), கருத்தரிப்பதில் தடையையும், கருச்சிதைவையும் அது உண்டாக்கக்கூடும். ‘சப்சீரோசல்’ என்றிருந்தால் கட்டி வெளிப்புறமாக வளர்ந்திருக்கிறது. 6, 7 செ.மீ. ஆனபோதும் உதிரப்போக்கைக் கூட்டாமல் இருந்துவிடலாம், ஆனால் சிறுநீர்ப்பையை அழுத்தினால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும், பின்புறம் அழுத்தினால் மலச்சிக்கல் வரும். சுவருக்குள் இருக்கும் ‘இன்ட்ராமியூரல்’ வகை இவ்விரண்டுக்கும் நடுவே, அளவுக்கும் குழியை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதற்கும் ஏற்ப நடந்துகொள்ளும். உங்கள் அறிக்கையில் இடம் குறிக்கப்படவில்லை என்றால், கட்டி குழியைத் தொடுகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிறப்புறுப்பு வழி எடுக்கும் ஸ்கேன் இதை வயிற்றின் மேல் எடுப்பதைவிடத் தெளிவாகக் காட்டும். பல கட்டிகள் இருந்து அறுவைக்குத் திட்டமிடும்போது எம்.ஆர்.ஐ. உதவும்.

உதிரப்போக்கை அளந்து பார்ப்பது

ஒரு மாதவிடாய்ச் சுற்றில் 80 மில்லிலிட்டருக்கு மேல் உதிரம் போவதைப் பெரும்பாடு என்று மருத்துவ நூல்கள் வரையறுக்கின்றன. வீட்டில் யாரும் அதை அளக்க முடியாது. ஆகவே, நாள்காட்டியிலோ கைபேசியிலோ குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை நாள் போகிறது, ஒரு நாளில் எத்தனை நாப்கின், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, பெரிய உறைகட்டிகள் விழுகின்றனவா. 7 நாளுக்கு மேல் நீடிப்பதும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் நனைந்துபோவதும் சிகிச்சை தேவை என்பதற்கான அறிகுறிகள். ‘எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான்’ என்று பெண்கள் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்வதால், மூச்சு வாங்கி மாடிப்படி ஏற முடியாத நிலையில்தான் பலருடைய இரத்தசோகை வெளியே தெரிகிறது. ஹீமோகுளோபினுடன், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இருப்பில் உள்ள இரும்புச்சத்து முதலில் கரைந்த பிறகே ஹீமோகுளோபின் குறையத் தொடங்கும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடனோ பாலுடனோ விழுங்கினால் அது உடலில் சேர்வது குறையும். 45 வயதைத் தாண்டியவருக்கு உதிரப்போக்கு முறைதவறி வந்தால், பழியைக் கட்டியின்மேல் போட்டுவிட்டு விடாமல், உட்சவ்வைச் சிறிதளவு எடுத்துப் பரிசோதிப்பதும் அவசியம்.

மருந்துகளால் என்ன முடியும்

தொல்லை இல்லாத கட்டிக்குச் சிகிச்சை வேண்டியதில்லை. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொண்டால் போதும். உதிரப்போக்கு மட்டுமே தொல்லை என்றால், அதிகம் போகும் நாள்களில் மட்டும் உட்கொள்ளும் டிரானெக்சாமிக் அமிலம் முதற்படியாக இருக்கலாம். கால் நரம்பிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் இதைக் கடையில் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. லெவோனார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும், கர்ப்பப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனம் உதிரப்போக்கை வெகுவாகக் குறைக்கும், ஆனால் கட்டியால் குழி உருமாறியிருந்தால் அது நழுவி வெளியேறிவிடக்கூடும்.

இவை கட்டியைக் கரைப்பதில்லை. கட்டியைச் சுருக்கும் லியூப்ரோலைடு போன்ற ஊசிகள் உடலைத் தற்காலிகமாக மாதவிடாய் நின்ற நிலைக்குக் கொண்டுசெல்கின்றன. எலும்பு தேயும் என்பதால் பெரும்பாலும் அறுவைக்கு முன்பு சில மாதங்களே தரப்படுகின்றன, நிறுத்தியதும் கட்டி மீண்டும் வளரும். அமெரிக்காவில் 2020இலும் 2021இலும் ஒப்புதல் பெற்ற எலாகோலிக்ஸ், ரெலுகோலிக்ஸ் கூட்டு மருந்துகள் வாய்வழி உட்கொள்பவை. அங்கே அவற்றுக்கும் 24 மாத வரம்பு உண்டு. குறிப்பிட்ட உணவோ கஷாயமோ கட்டியை முற்றிலும் கரைத்துவிடும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அதை நம்பி இரத்தசோகையை வளரவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

கட்டியை மட்டும் எடுப்பதா, கர்ப்பப்பையையே எடுப்பதா

குழிக்குள் துருத்திய கட்டியை, வயிற்றில் கீறலே இல்லாமல், பிறப்புறுப்பு வழியாக ஹிஸ்டிரோஸ்கோப் என்னும் மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்தி எடுத்துவிடலாம். தகுந்த கட்டியாக இருந்தால் இதைவிட எளிய தீர்வு இல்லை. மற்றவற்றை லேப்ராஸ்கோப்பி வழியாகவோ வயிற்றைத் திறந்தோ எடுத்துச் சுவரைத் தைப்பார்கள். குழந்தை வேண்டும் என்பவர்களுக்குப் பொதுவாக இதுவே ஏற்றது. எனினும் பிற்காலத்தில் புதிய கட்டிகள் முளைக்கலாம். தையல் ஆழமாகப் போயிருந்தால் அடுத்த பிரசவம் சிசேரியனாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். ஆகவே, தையல் எவ்வளவு ஆழம் என்பதை அறுவைக் குறிப்பில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு இரத்தம் செல்லும் நாளங்களை நுண்துகள்களால் அடைப்பது மற்றொரு வழி. 1995இல் பாரிஸ் மருத்துவர்கள் இதைக் கட்டிக்கான சிகிச்சையாக வெளியிட்டனர். பெருந்தழும்பு இல்லை, விரைவில் வீடு திரும்பலாம். முதல் ஒன்றிரண்டு நாள் வலி கடுமையாக இருக்கும், சிலருக்குப் பின்னாளில் மறுபடியும் சிகிச்சை தேவைப்படும், கருத்தரிக்க விரும்புவோருக்கு இது முதல் தேர்வும் அன்று. இதைச் செய்பவர் இண்டர்வென்ஷனல் ரேடியாலஜி (ஸ்கேன் படங்களின் துணையோடு குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் துறை) மருத்துவர் என்பதால், மகளிர் மருத்துவர் தாமாகக் குறிப்பிடாமல் போகலாம், நீங்களே கேட்டுவிடுங்கள்.

கர்ப்பப்பையை அகற்றிவிட்டால் கட்டி திரும்ப வராது. குழந்தைப்பேறு முடிந்து, மற்றவை பலனளிக்காமல், வாழ்க்கையே உதிரப்போக்கைச் சுற்றி நடக்கும் நிலையில் உள்ளவருக்கு இது விடுதலையாக அமைவதுண்டு. ஆனால் முதல் ஆலோசனையாக அதையே சொல்லும் போக்கு நம் நாட்டில் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 3.3 விழுக்காட்டினர் கர்ப்பப்பையை இழந்திருக்கிறார்கள். ஆந்திரம், தெலங்கானா இரண்டிலும் இது 8 விழுக்காட்டுக்கு மேல். தேவையற்ற அகற்றல்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. ‘விட்டால் புற்றுநோயாகிவிடும்’ என்று சொல்லி அவசரப்படுத்தினால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்; சாதாரணக் கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. மாதவிடாய் நின்ற பிறகு கட்டி வளர்ந்தாலோ உதிரம் பட்டாலோ மட்டும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பு, சினைப்பைகளையும் எடுக்கப்போகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள சினைப்பைகளை மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பே எடுத்துவிட்டால், உடல் எரிச்சலும் வியர்வையும் திடீரெனத் தொடங்கி, எலும்புத் தேய்மானமும் இதயநோய்க்கான வாய்ப்பும் கூடும். அறுவைக்கு முன்பு, தேவையானால் நரம்பு வழி இரும்புச்சத்து ஏற்றியாவது, ஹீமோகுளோபினை உயர்த்திக்கொள்ளுங்கள். பின்னர், எடுத்த திசுவின் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கி, கர்ப்பப்பை வாய் அகற்றப்பட்டதா இல்லையா என்று எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பகுதி உடலில் இருந்தால், அதற்குரிய புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும்.